தூக்குச்சட்டியில் பாடம்: கைப்பேசியிலேயே படிக்க நினைப்பவர்களுக்கு

"அக்கா, படிக்கணும்னா எந்த போன் வாங்கலாம்?"

தொழிற்சாலை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். நான் பதில் சொல்வதில்லை. "இப்ப கையில இருக்கறதக் குடு, பாப்போம்" என்று வாங்கிச் சேமிப்பிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பேன். அனேகமாக நிரம்பி வழியும். உள்ளே என்ன இருக்கும்? ரோஜாப்பூவும் விளக்கும் போட்ட காலை வணக்கப் படங்கள், சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக் காணொளி ஐந்து கோணத்தில், யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு. இதைத் துடைத்தாலே பாதி போன் புதுசாகிவிடும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரில் அடுக்குமாடி வீடு. வேலை தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், மின்னணுப் பாகங்கள் செய்யும் ஆலையில். இருபது வருஷமாகக் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ் ஏறி, பினாங்குப் பாலத்தைக் கடந்து போகிறேன். பாலம் 13.5 கிலோமீட்டர்தான், நெரிசல் பிடித்தால் அது எத்தனை கிலோமீட்டர் என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம். 44 வயதில் கணக்கியல் டிப்ளோமாவில் சேர்ந்தேன். வகுப்பு எல்லாமே இயங்கலையில். மடிக்கணினி வாங்க அப்போது கையில் காசில்லை. அதனால் படிப்பில் பெரும்பகுதி இந்தக் கைப்பேசியிலேயே நடந்தது.

இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மகன். 2020 மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அவன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் என்னுடையது. ஆசிரியர் புலனத்தில் (வாட்ஸ்அப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பாடம் அனுப்புவார். அப்புறம் கல்வி அமைச்சின் டெலிமா தளத்துக்குள் போய் கூகுள் கிளாஸ்ரூமைத் திறக்க வேண்டும். கடவுச்சொல் மறந்துபோய் அவன் அழ, நான் திட்ட, வீடு ரணகளம். ஒரு வருஷம் அப்படி ஓடியது. நான் படிக்க உட்கார்ந்தபோது எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய வேலை இல்லாமல் போய்விட்டது.

முதலில் குப்பையைக் கூட்டுங்கள்

புலனத்தைத் திறந்து, அமைப்புகளில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்று இருக்கும். எந்தக் குழு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகக் காட்டும். முதன்முறை நான் பார்த்தபோது கோயில் குழு ஒன்று மட்டும் 11 ஜிபி வைத்திருந்தது. வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். அதே பக்கத்தில் படமும் காணொளியும் தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள். இதைச் செய்யாமல் அழிப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிற கதை.

புது போன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான் பார்ப்பது மூன்றே மூன்று. சேமிப்பிடம் 128 ஜிபிக்குக் குறையக் கூடாது. திரை ஆறரை அங்குலமாவது வேண்டும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அதுவே போதாது. மின்கலம் ஒரு ஷிஃப்டும் இரண்டு பஸ் பயணமும் தாங்க வேண்டும். கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கடைக்காரர் சொல்லும் கதையைக் கேட்டு நூறு வெள்ளி (ரிங்கிட்) அதிகம் கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல கம்பி இயர்போனும் ஒரு பவர்பேங்கும் வாங்கலாம்.

இரவே கட்டி வைப்பது

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். காலையில் எழுந்து சமைத்துக்கொண்டிருந்தால் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவது) நேரமாகிவிடும் என்று இரவே தூக்குச்சட்டியைக் கழுவி, பாதிச் சமையலை முடித்து வைப்பார். பாடத்தையும் அப்படித்தான் கட்ட வேண்டும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இன்று எதைப் படிக்கலாம் என்று தேட ஆரம்பித்தீர்கள் என்றால் அவ்வளவுதான், முகநூல் உங்களைத் தின்றுவிடும். பாலத்தின் நடுவில் இணையமும் ஒரு நேரம் இருக்கும், ஒரு நேரம் இருக்காது.

ஆகவே இரவு வீட்டு வைஃபையில் மறுநாள் பாடத்தை இறக்கிவிடுங்கள். விரிவுரையாளர் கூகுள் டிரைவில் போட்ட கோப்பு என்றால், கோப்பின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, இணையம் இல்லாமலும் திறக்கும்படி வைக்கலாம். கான் அகாடமி, கோர்செரா செயலிகளிலும் காணொளியை முன்கூட்டியே இறக்கி வைக்கும் வசதி உண்டு. முகப்புத் திரையில் ‘நாளைக்கு’ என்று ஒரு அடைவு வைத்திருக்கிறேன். அதில் மூன்றுக்கு மேல் எதையும் போடுவதில்லை. ஒரு காணொளி, ஒரு வாசிப்பு, ஒரு கேள்வித்தாள். மூன்றும் முடிந்துவிட்டால் ஜன்னல் வழியே கடலைப் பார்ப்பேன். அதற்கும் ஆள் வேண்டாமா?

வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் தரவைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். காணொளியின் தரத்தை 480க்கு இறக்குங்கள். பலகையில் எழுதியது அதிலேயே தெளிவாகத் தெரியும். பேசும் தலை மட்டும் தெரிகிற விரிவுரைக்கு 240 போதும். நேரடி வகுப்பில் என் போன் காட்டிய கணக்கைச் சொல்கிறேன்: கேமரா போட்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 900 எம்பி, என் கேமராவை அணைத்து, மற்றவர்கள் முகம் வருவதையும் நிறுத்தினால் அதில் கால்வாசிகூட ஆகவில்லை. உங்கள் போனிலும் எந்தச் செயலி எவ்வளவு தின்கிறது என்று அமைப்புகளில் பார்க்கலாம். ஒரு வாரம் பார்த்தால் கை தானாகச் சிக்கனத்துக்கு வந்துவிடும்.

பஸ்ஸில் கண்ணை மூடிப் படியுங்கள்

ஓடும் பஸ்ஸில் எழுத்தைப் படித்தால் எனக்குக் குமட்டும். அதனால் காதால் படித்தேன். ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் ‘செலக்ட் டு ஸ்பீக்’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும். ஐபோனிலும் அதே போன்ற வசதியைப் போட்டு வைத்து, திரையின் மேலிருந்து இரண்டு விரலால் கீழே இழுத்தால் பேச ஆரம்பிக்கும். பார்வை குறைந்தவர்களுக்காகச் செய்தது. தூக்கம் குறைந்தவர்களுக்கும் உதவுகிறது. தமிழ்க் குரலும் உண்டு, கொஞ்சம் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. சில விரிவுரையாளர்கள் புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து பிடிஎஃப்பாக அனுப்புவார்கள். அதில் எழுத்து இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. போன் படிக்காமல் ஊமையாக இருக்கும். அப்போது கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைத் திறந்து, எழுத்தைத் தேர்ந்து நகலெடுத்து, ஒரு கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். இனி அதைக் கேட்கலாம், தேடலாம், மொழிபெயர்க்கலாம்.

வேகத்தை 1.25க்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டு முடித்துவிட்டேன் என்று என்னிடம் பெருமையடித்த ஒரு தம்பி இருக்கிறான். முடித்தது உண்மைதான். என்ன கேட்டான் என்று கேட்டால் பதில் இல்லை.

லாக்கரில் வைத்த பிறகு

எங்கள் ஆலையில் உற்பத்தித் தளத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. உடுப்பு மாற்றும் இடத்தில் லாக்கரில் பூட்டிவிட வேண்டும். தூசு வரும் என்பதால் சாதாரணத் தாளும் பென்சிலும்கூட உள்ளே கூடாது. தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பில், கண் மட்டும் தெரிய, மணிக்கணக்கில் நிற்க வேண்டும்.

தொடக்கத்தில் இதை நினைத்து நொந்துகொண்டேன். மற்றவர்கள் அலுவலகத்தில் இடையிடையே ஒரு பக்கம் புரட்டலாம், நமக்கு அதுவும் இல்லையே என்று. இரண்டாவது பருவத்தில்தான் ஒன்று கவனித்தேன். பஸ்ஸில் கேட்ட பாடத்தை, இயந்திரத்தின் முன் நின்றபடி நானே எனக்குச் சொல்லிப் பார்ப்பேன். பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம்? அடமானத்துக்கு வட்டி கட்டினால் எந்தக் கணக்கு குறையும்? பாதியில் விட்டுப்போகும். விட்டுப்போன இடம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும். பத்து மணி இடைவேளையில் லாக்கரைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த ஒரு இடத்தைத்தான் பார்ப்பேன். அப்படிப் பார்த்தது எதுவும் இன்றுவரை மறக்கவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு படித்த விடுமுறை நாள் பாடங்கள்தான் காற்றோடு போயின.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி வேகமாகச் சரிகிறது, பிறகு மெதுவாகிறது. அந்தச் சரிவில் இடையிடையே நினைவுபடுத்திக்கொண்டால் பிடி இறுகும். இந்த எண்ணத்தின் மேல் கட்டியதுதான் அங்கி என்ற அட்டைச் செயலி. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். தெரிந்தது என்று அழுத்தினால் அந்த அட்டை சில நாள் கழித்துத்தான் திரும்ப வரும். தெரியாதது உடனே வந்து நிற்கும். ஆண்ட்ராய்டில் அங்கிடிராய்டு என்ற பெயரில் இலவசம். ஐபோனில் காசு கட்ட வேண்டும். மற்றவர்கள் செய்து வைத்த அட்டைகளை இறக்கிக்கொள்ளலாம்தான், ஆனால் வேண்டாம். நானே உட்கார்ந்து எழுதிய அட்டைதான் எனக்கு ஒட்டியது. கேண்டீன் வரிசையில் நிற்கும் நேரம் பதினைந்து அட்டைக்குச் சரியாக இருக்கும்.

உங்கள் வேலையிடத்தில் லாக்கர் இல்லையென்றால் நீங்களே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளுங்கள். பாடம் கேட்டு முடித்ததும் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள். கழுவி முடிப்பதற்குள் பாடத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வீட்டில் உள்ளவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நேரடி வகுப்பு: ஒரு மானம் போன கதை

முதல் பருவத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டிய வாய்மொழித் தேர்வு. மைலோ டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, சேலை கட்டி, கம்பீரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாவது நிமிடத்தில் தைப்பிங்கிலிருந்து அத்தை அழைத்தார். போன் என் ஒலிவாங்கியை அத்தைக்குக் கொடுத்துவிட்டது. நான் துண்டித்தேன். அத்தை விடுவாரா? அடுத்தடுத்து மூன்று முறை அழைத்தார். வகுப்பில் இருபது பேரும் நான் வாயசைப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதனால் சொல்கிறேன். வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பே ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டுவிடுங்கள். அதில் விதிவிலக்காக ஓரிருவர் எண்ணைச் சேர்க்கலாம். நான் மகன் பள்ளியின் எண்ணை மட்டும் விட்டிருந்தேன். திரும்பத் திரும்ப அழைப்பவர்களை உள்ளே விடும் ஒரு அமைப்பும் அதிலேயே இருக்கிறது. எங்கள் அத்தையைப் போல ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருந்தால் அதையும் அணைத்து வையுங்கள்.

ஒலிக்குக் கம்பி இயர்போனே நல்லது. பேச்சின் நடுவில் சார்ஜ் தீர்ந்துபோகாது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாது, ஐந்து வெள்ளிக்குத் தாங்கி கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டே காணொளி வகுப்பு ஓடினால் போன் சூடாகி மந்தமாகும். முன்னாலேயே ஏற்றிவிட்டு, உறையைக் கழற்றி, மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வையுங்கள். கண்ணுக்கு ஒரு பழக்கம்: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது நொடி பார்ப்பது. எங்கள் வீட்டு சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் எதிர் பிளாக்கில் காயும் துணிதான் தெரியும். அதைத்தான் பார்த்தேன்.

மூன்று மொழிக்காரர்களின் பாடு

நான் ஆறு வருஷம் தமிழில் படித்தேன், இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்தேன், டிப்ளோமா ஆங்கிலத்தில் வந்தது. நம்மில் பலருக்கு இதுதான் நிலைமை. இதற்குக் கைப்பேசியைப் போல உதவி வேறில்லை. புரியாத பக்கத்தின் மேல் கூகுள் லென்ஸைக் காட்டினால் எழுத்து இருந்த இடத்திலேயே தமிழ் வந்து உட்காரும். மொழிபெயர்ப்பு சிரிப்பு மூட்டும் சமயங்களில் மலாய்க்கு மாற்றிப் பாருங்கள். கணக்கியல், அறிவியல் பாடங்களில் மலாய் எனக்குப் பலமுறை தெளிவாக இருந்தது. பள்ளியில் கேட்ட சொற்கள் அல்லவா.

குறிப்பு மட்டும் தமிழில் எழுதுங்கள். தமிழில் தட்டச்சு செய்வதில் நம் நாட்டுக்கு ஒரு பெருமையும் உண்டு. முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு அஞ்சலை உருவாக்கினார். அவருடைய செல்லினம் 2005இல் கைப்பேசிக்கு வந்தது. இன்றும் நான் அதில்தான் தட்டுகிறேன். அஞ்சல் முறையில் ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டினால் தமிழ் வரும். தமிழ்99 முறை பழகச் சில நாள் ஆகும், பழகிவிட்டால் விரல் குறைவாக வேலை செய்யும். தட்டச் சோம்பலா, பேசுங்கள். கூகுள் விசைப்பலகையின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுதிக்கொள்ளும். ‘லா’வையும் ‘ளா’வையும் சில சமயம் மாற்றிப் போடும். குறிப்புக்கு அது போதும்.

ஏஐயிடம் எப்படிக் கேட்பது

சாட்ஜிபிடி என்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவி 2022 நவம்பர் 30இல் வந்தபோது நான் மூன்றாவது பருவத்தில் இருந்தேன். அடுத்த சில மாதங்களில் வகுப்புப் புலனக் குழுவில் ஒரே பேச்சு. இனிப் படிக்கவே வேண்டாம் என்று பாதிப் பேர், இதைத் தொட்டால் கல்லூரியை விட்டு விரட்டிவிடுவார்கள் என்று மீதிப் பேர். நான் இரண்டு பக்கமும் சேரவில்லை.

அக்ரூவல் என்ற ஒன்று எனக்கு மூன்று வாரமாகப் புரியாமல் இருந்தது. பாடநூலின் விளக்கத்தை அப்படியே கொடுத்து "விளக்கு" என்றால் அது இன்னொரு பாடநூல் மாதிரி பேசும். அதனால் இப்படிக் கேட்டேன்: "பிறையில் ஒட்டுக்கடை வைத்துத் தோசை விற்கும் ஒரு அக்காவின் கணக்கை வைத்து, எளிய தமிழில் அக்ரூவலைச் சொல். எண்கள் போட்டுச் சொல். முடிவில் என்னிடம் ஒரு கேள்வி கேள், பதிலை நீயே சொல்லாதே." டிசம்பரில் எரித்த மின்சாரத்துக்கு பில் ஜனவரியில் வருகிறது, காசும் ஜனவரியில்தான் கட்டுகிறார், ஆனாலும் செலவு டிசம்பர் கணக்கில்தான் ஏற வேண்டும் என்று சொன்னது. மூன்று வாரத்து முடிச்சு அவிழ்ந்துவிட்டது. உங்களுக்கு எது தெரியுமோ அதை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், கேள்வியை உங்களிடம் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். ஏஐயிடம் வேலை வாங்க எனக்குத் தெரிந்த வழி இது.

ஆனால் நம்பிக் கண்ணை மூடாதீர்கள். தேய்மானக் கணக்கு ஒன்றை ஒரு செயலியிடம் கொடுத்துப் பார்த்தேன். இயந்திரத்தின் விலை 12,000 வெள்ளி, கடைசியில் மிஞ்சும் மதிப்பு 2,000, குறையும் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 20 விழுக்காடு. அது முதலிலேயே 2,000த்தைக் கழித்துவிட்டு, முதல் ஆண்டுத் தேய்மானம் 2,000 என்றது. தவறு. ஆண்டுதோறும் ஒரே தொகையைக் குறைக்கும் நேர்கோட்டு முறையில்தான் மிஞ்சும் மதிப்பை முன்பே கழிக்க வேண்டும். குறையும் மதிப்பு முறையில் முழு 12,000க்கு 20 விழுக்காடு, அதாவது 2,400. அடுத்த ஆண்டு மிச்சமுள்ள 9,600க்கு 1,920. தவறான விடையையும் அது அவ்வளவு தன்னம்பிக்கையோடு சொன்னது. நான் கையால் போட்டு வைத்திராவிட்டால் அப்படியே எழுதியிருப்பேன். முதலில் நீங்கள் போடுங்கள், பிறகு அதைப் போடச் சொல்லி ஒப்பிடுங்கள். விடை வேறுபடும் இடத்தில்தான் பாடம் இருக்கிறது.

நூல் பட்டியல் கேட்டால் இல்லாத கட்டுரையைக்கூட இருப்பதாக எழுதிக் கொடுக்கும். ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்காமல் ஒப்படைப்பில் சேர்க்காதீர்கள். இந்தத் தொல்லை குறைய, கூகுளின் நோட்புக்எல்எம்மைப் பாருங்கள். உங்கள் விரிவுரைக் கோப்புகளை அதில் ஏற்றிவிட்டால் அவற்றிலிருந்தே பதில் சொல்லும், எந்த இடத்திலிருந்து எடுத்தது என்றும் காட்டும். இலவசக் கணக்கில் ஒரு குறிப்பேட்டுக்கு 50 கோப்பு வரை ஏற்றலாம். அந்தக் கோப்புகளை இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒலியாகவும் மாற்றித் தரும், தமிழிலும் பேச வைக்கலாம். பஸ்ஸுக்கு அது அருமையான துணை. அப்போதும் மூலக் கோப்பை ஒருமுறை பாருங்கள்.

அடையாள அட்டை எண், சம்பளச் சீட்டு, வேலையிடத்து ஆவணம் எதையும் ஏஐயில் ஏற்ற வேண்டாம். ஒப்படைப்பில் ஏஐயை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே விரிவுரையாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள்.

மெய்நிகர் கண்ணாடி பற்றியும் கேட்கிறார்கள். மனித உடலை, இயந்திரத்தின் உட்புறத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டிய படிப்புக்கு நல்லதாக இருக்கலாம். பேரேட்டை முப்பரிமாணத்தில் பார்த்து நான் என்ன செய்வது?

போனால் முடியாதது

எக்செல். தயவுசெய்து போனில் முயலாதீர்கள். ஒரு கட்டத்தைத் தொட நினைத்து மூன்று கட்டத்தை அழித்து, வரவு செலவுச் சரிபார்ப்பு ஒட்டாமல் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். ஆயிரம் சொல்லுக்கு மேல் போகும் கட்டுரையும் அப்படித்தான். பேசி வரைவு எடுக்கலாம், திருத்த முடியாது.

இதற்கு நான் கண்ட வழி நூலகம். கிரீன் லேனில், பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் பக்கத்தில், 2016இல் திறந்த பினாங்கு டிஜிட்டல் நூலகம் இருக்கிறது. நாட்டின் முதல் டிஜிட்டல் நூலகம் அது. விடுமுறை நாளில் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, ஜெட்டியில் பஸ் பிடித்துப் போவேன். படகில் காற்று வாங்கியபடி எதையும் படிக்காமல் போவதுதான் அந்த நாளின் சுகம். போனில் எடுத்த வரைவு கூகுள் டிரைவில் இருக்கும், அங்கே பெரிய திரையில் திறந்து முடித்துவிடுவேன். பொதுக் கணினி என்றால் எழுந்திருக்கும் முன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள்.

காசு கட்டும் முன்

சும்மா கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இலவசமாகவே நிறைய இருக்கிறது. தமிழ் சார்ந்தவற்றுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், வேலை சார்ந்த பயிற்சிக்கு மனிதவள மேம்பாட்டுக் கழகத்தின் இ-லாத்தே தளம், இந்திய ஐஐடி ஆசிரியர்களின் விரிவுரைக்கு என்பிடெல். சான்றிதழ் வேண்டும், சம்பள உயர்வுக்குக் காட்ட வேண்டும் என்றால் மட்டும் கவனம். அந்தப் படிப்பின் பெயர் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். முகவர் காட்டும் வண்ணத்தாளை நம்பாதீர்கள். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சரியாக அமையாதவர்களுக்கும் கதவு மூடவில்லை. வேலை அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் அப்பெல் என்ற முறை இருக்கிறது. பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேலை செய்பவர்களை மனதில் வைத்தே தொடங்கப்பட்டது. இன்றே சேருங்கள், பாதிக் கட்டணம் என்று புலனத்தில் இணைப்பு வந்தால் தொடாதீர்கள். தொட்டு, காசும் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள்.

கடைசியாக, ஒப்படைப்பு அனுப்பும் வேலை. கையால் எழுதியதைக் கேமராவில் சும்மா படமெடுத்து அனுப்பாதீர்கள். கூகுள் டிரைவ் செயலியிலேயே வருடும் வசதி இருக்கிறது. நிழலைப் போக்கி, ஓரத்தை வெட்டி, பல பக்கத்தை ஒரே பிடிஎஃப்பாக்கித் தரும். கோப்புக்கு உங்கள் மாணவர் எண்ணையும் பாடக் குறியீட்டையும் பெயராக வையுங்கள். கெடு நள்ளிரவு பன்னிரண்டு என்றால் எட்டு மணிக்கே அனுப்பிவிடுங்கள். பதினொன்றரைக்குத் தளம் திணறும். அனுப்பி முடித்ததும், வந்து சேர்ந்தது என்று நேரத்தோடு காட்டும் திரையைப் படம் பிடித்து வையுங்கள். என் ஒப்படைப்பு ஒன்று வரவே இல்லை என்று ஒருமுறை சொன்னார்கள். இரவு 8.07 என்று காட்டிய அந்தப் படத்தை அனுப்பினேன். மறுநாள் மதியம், "மன்னிக்கவும், கிடைத்துவிட்டது" என்று ஒரு வரி வந்தது.